வேன் மூட்டில் பிடிக்கும் கறள்: மூடுவதா, வெட்டி எடுப்பதா?

மருதமுனைச் சாரன் வாங்குபவர்கள் அதனை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பின்னர்தான் விலை கேட்பார்கள். 2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது பதுளையில் எனது வழக்கமான வாடிக்கையாளர் ஒருவர் அப்படித்தான் விரித்துப் பார்த்தார். வெள்ளைச் சாரனின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கபில நிறக் கோடு. "என்ன நானா, இது புது டிசைனா?" என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை. அடுத்ததை எடுத்தார், அதிலும் கோடு. அன்று அந்தக் கடையிலும் அடுத்த இரண்டு கடைகளிலுமாக 46 சாரன்கள் திரும்பி வந்தன.

முதல் நாள் பின்னேரம் பிபிலையைத் தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது நல்ல மழை பிடித்தது. வேனின் கூரையில் ஓட்டை விழுந்து ஒழுகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஏறிப் பார்த்தால் கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. கூரைத் தகடும் பக்கத் தகடும் சந்திக்கும் பீலியில், இரண்டு தகடுகளுக்கும் இடைப்பட்ட மூட்டுக்குள் கறள் பிடித்து, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. வெறும் மழைத் தண்ணீர் என்றால் சாரன்களைக் காய வைத்து மீண்டும் மடித்திருக்கலாம். இது கறளையும் கொண்டு வந்த தண்ணீர். பருத்தித் துணியில் பட்ட கறள் கறை சவர்க்காரத்துக்குப் போகாது. குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை ஊற்றினால் கறை இன்னும் ஊன்றிப் பிடிக்கும். ஒக்ஸாலிக் அமிலம் கறையைக் கழற்றும், ஆனால் அமிலத்தில் நனைத்துக் கழுவிய துணியைப் புதுச் சாரன் என்று யாரிடம் விற்பது?

வர்த்தகப் பக்கத்தில் டிங்கரிங் வேலையைப் பற்றி என்ன எழுத்து என்று சில வாசகர்கள் கேட்கலாம். நம்மில் சிறு வியாபாரம் செய்பவர்களுக்குக் கடைக்கு அடுத்த பெரிய சொத்து பெரும்பாலும் வேன்தான். துணி, மீன், மரக்கறி, பாண், பாடசாலைப் பிள்ளைகள் என்று எதனை ஏற்றினாலும் வேன் நின்றால் வருமானம் நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வேன்களின் விலை ஏறிய விதத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆனால் வரியையும் சேர்த்துப் பார்த்தால் என்னைப் போன்றவர்களுக்கு அது பத்திரிகையில் வாசிக்கும் செய்தி மட்டுமே. ஆகவே இருக்கின்ற முப்பது வயது வேனை இன்னும் பத்து வருடங்களுக்கு ஓட்டுவது எப்படி என்பதும் ஒரு வர்த்தகக் கேள்விதான். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் போடலாம். கியர் பெட்டியும் சந்தையில் கிடைக்கும். பழைய வேனை முடிவுக்குக் கொண்டு வருவது அனேகமாக அதன் தகடுதான், அதிலும் தகட்டின் மூட்டுகள்தான்.

இரண்டு முறை ஏமாந்த கதை

எனது வேன் 1993ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹயஸ். 'டொல்பின்' என்று சொன்னால்தான் நம் நாட்டில் எல்லோருக்கும் விளங்கும். 2014இல் வாங்கினேன். வாங்கும்போது பளபளப்பாக இருந்தது. 2019இல் இடது பக்கப் பின்மூலையில், பீலிக்குக் கீழே, பாசிப்பயறு அளவில் பெயின்ட் குமிழ் ஒன்று கிளம்பியது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே செம்மண் போல் தூள். ஹார்ட்வெயார் கடையில் ஒரு குழாய் சிலிக்கன் வாங்கிப் பீலி நெடுகப் பூசிவிட்டேன். செலவு இரண்டு சாரன்களின் விலை. அன்று நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக் கொண்டேன்.

அது பெரிய தவறு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண சிலிக்கன், காயும்போது வினாகிரி வாசம் வீசும். அது அசட்டிக் அமிலத்தின் வாசம். அந்த அமிலம் வெறும் இரும்பில் படும்போது கறளைத் தூண்டிவிடும். அத்தோடு சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டாது. எல்லாவற்றிலும் பெரிய தீங்கு, ஏற்கனவே உள்ளே தேங்கியிருந்த ஈரத்தை நான் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.

2021இல் குமிழ்கள் ஒரு முழ நீளத்துக்குப் பரவிவிட்டன. இம்முறை கராஜ் ஒன்றில் கொடுத்தேன். மேலால் கிரைண்டர் பிடித்து, ஓட்டைகளுக்கு மேல் புட்டி அப்பி, தண்ணீரில் நனைத்த வோட்டர் பேப்பரால் தேய்த்து, அந்தப் பக்கம் முழுவதற்கும் பெயின்ட் அடித்துத் தந்தார்கள். நான்கே நாட்களில் வேலை முடிந்தது. கண்ணாடி போல் இருந்தது. அதற்கு ஏறக்குறைய 55 சாரன்களின் விலை போனது. ஏழு மாதங்கள் கழித்து அதே இடத்தில் குமிழ் வந்தது. ஒன்றரை வருடத்தில் லுணுகலை மழை.

கராஜ்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. "எவ்வளவு குறைவாக முடியும்?" என்று கேட்டவன் நான்தான்.

மூட்டில் மட்டும் ஏன்?

வேனின் உடல் ஒரே தகட்டில் அடிக்கப்பட்டதல்ல. தொழிற்சாலையில் பல தகடுகளின் ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டு பக்கமும் செப்பு முனைகளால் அழுத்தி மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டுகிறார்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே தகடுகள் தொட்டுக்கொண்டு நிற்கின்றனவே தவிர ஒட்டவில்லை. துணிக்காரன் கண்ணுக்கு அது தையல்தான். ஊசி விழுந்த இடத்தில் பிடிப்பு, இடையில் மெல்லிய இடைவெளி. பின்னர் முழு உடலையும் பிரைமர் தொட்டியில் அமிழ்த்துவார்கள். ஆனால் மயிரிழை போன்ற அந்த இடைவெளிக்குள் பிரைமர் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால்தான் மூட்டின் மேல் சீலர் என்னும் பசையைப் பூசி விடுகிறார்கள். புதிதாக இருக்கும்போது அது இறப்பர் போல் இழுபடும். இருபது முப்பது வருட வெயிலில் காய்ந்து, பலகை போலாகி வெடிக்கும். வெடித்த சீலர் தண்ணீரைத் தடுப்பதில்லை, உள்ளே போனதை வெளியே வரவிடாமல் பிடித்து வைக்கிறது.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, ஒடுங்கிய இடைவெளி தண்ணீரை இழுக்கும். வெளித்தகடு அரை மணித்தியால வெயிலில் காய்ந்துவிடும், மூட்டின் உட்பக்கம் நாட்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் வாய்ப்பக்கத்துக்குக் காற்று கிடைக்கிறது, அடிப்பக்கத்துக்குக் கிடைப்பதில்லை. காற்று குறைந்த அடிப்பக்கத்து இரும்புதான் அரிபடும். மூட்டுக் கறள் வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே வேலையை முடித்து வைப்பது இதனால்தான். கறள் தான் தின்ற இரும்பை விட அதிக இடம் பிடிப்பதால் இரண்டு தகடுகளையும் ஆப்பு வைத்தது போல் பிளக்கும். பிளக்கப் பிளக்க இன்னும் தண்ணீர் போகும்.

உப்பு சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. கடற்கரை ஊர்களில் வாழ்பவர்கள் யன்னல் கம்பிகளைப் பார்த்தாலே இது விளங்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும், அந்த ஈரத்தில் கறள் வேகமாக நடக்கும். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் தரையில் ஓடும் வேன்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. ஜப்பானிலிருந்து வந்த வேன் ஆயிற்றே என்று சிலர் ஆறுதல் அடைவார்கள். அங்கே பனி கொட்டும் பிரதேசங்களில் பாதைப் பனியைக் கரைக்க உப்பு தூவுகிறார்கள். அப்படியான இடத்தில் ஓடிய வேன் கப்பலில் ஏறும்போதே அடிப்பக்க மூட்டுகளில் கறளோடுதான் ஏறுகிறது.

எங்கே தேடுவது?

பழைய வேன் வாங்கப் போகின்றவர்களும், சொந்த வேனைப் பரிசோதிக்க விரும்புகின்றவர்களும் ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு சிறிய காந்தம், ஒரு டோர்ச் ஆகியவற்றை எடுத்துக் கொள்ளுங்கள். கூரைப் பீலியை முழு நீளத்துக்கும் விரலால் தடவுங்கள். சீலர் உயர்ந்து நின்றால் கீழே கறள் என்று எடுத்துக் கொள்ளலாம். முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டையும் பீடிங் இறப்பரை மெதுவாக நெம்பிப் பாருங்கள். பின்சில்லுகளுக்கு மேலே உள்தகடும் வெளித்தகடும் சேரும் வளைவின் உட்பக்கத்தில் சேறு கட்டியிருக்கும், அதனைக் கழுவிவிட்டுப் பாருங்கள். கதவுகளின் அடி விளிம்பில் வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்திருக்கும். அந்த மடிப்பும் ஒரு மூட்டுதான். பின்கதவின் அடி விளிம்பு எல்லாவற்றிலும் மோசமானது. ஏறும் படியின் கீழ், தரை விரிப்பைத் தூக்கி ஆசனங்கள் பொருந்தும் இடங்கள், பெட்டரி வைக்கும் தட்டு, இவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டும்போது நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். புட்டி வைத்த இடம் மண்சட்டியில் தட்டுவது போல் மொத்தமாக ஒலிக்கும். காந்தமும் தடித்த புட்டியின் மேல் ஒட்டாது. விற்பவர் முகம் கோணினாலும் பரவாயில்லை, தட்டிப் பாருங்கள். பளபளப்பு எனக்குச் சொன்ன பொய்யைக் காந்தம் சொல்லியிருக்காது. 2014இல் என்னிடம் காந்தம் இருக்கவில்லை.

இங்கே ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். ஆசனப் பட்டி பொருந்தும் இடம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடம், சட்டகத்தின் கட்டைகள் ஆகியவற்றில் ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்குமானால் அது தகட்டு வேலையல்ல. உயிரைத் தாங்கும் இடங்கள் அவை. மேலால் ஒரு துண்டுத் தகட்டை ஒட்டிவிட்டுப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவது பாவம். அப்படியான வேனை அந்த வேலையில் தேர்ந்த ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை ஓட்டக் கூடாது. வாங்குவதாக இருந்தால் வாங்காமல் வந்துவிட வேண்டும்.

"மூடித் தரவா, வெட்டித் தரவா?"

பெருநாள் முடிந்த பின், மே மாதத்தில், இன்னொரு கராஜுக்குப் போனேன். வயது சென்ற பாஸ் ஒருவர். பீலியைப் பார்த்தார், உள்ளே ஏறிக் கூரை லைனிங்கை ஒரு முழம் கழற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "காக்கா, மூடித் தரவா, வெட்டித் தரவா?" என்று கேட்டார். மூடினால் மூன்று நாள். வெட்டினால் ஒன்பது பத்து நாள், செலவும் இரண்டு மடங்குக்கு மேல். மூடிய வேலைக்குத் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். வெட்டச் சொன்னேன். அந்த ஒன்பது நாட்களில் முடிந்த போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, காலம். நம் பகுதியில் மாரி மழைக் காலத்தில் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்கள்தான் தோதானவை. திறந்த இரும்பு கடற்கரைக் காற்றில் ஓர் இரவு கிடந்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அதனால் பாஸ் அன்றன்று பிரைமர் அடிக்கக்கூடிய அளவை மட்டுமே திறந்தார்.

பழைய சீலரையும் எனது சிலிக்கனையும் சூடுகாட்டிச் சுரண்டினார்கள். பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் பூட்டி, நல்ல இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்தார்கள். கம்பி பிரஷ் வேலையின்போது கண்ணாடி அணியாமல் பக்கத்தில் கூட நிற்காதீர்கள், கழன்ற கம்பி ஊசியாகப் பறக்கும். வெளியில் ஒரு முழமாகத் தெரிந்த கறள் திறந்தபோது மூன்றரை அடியாக இருந்தது. சில இடங்களில் தகடு அப்பளம் போல் நொறுங்கியது. 2021இல் வைத்த புட்டி ஒரு துண்டாகக் கழன்று விழுந்தது, அதன் பின்பக்கம் முழுவதும் ஈரக் கறள். புட்டி காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பின் மேல் அதனை அப்பி, தண்ணீர் ஊற்றித் தேய்த்தால், கறளுக்கு நாமே தண்ணீர் ஊட்டுவது போல்தான்.

கறள் முடிந்த இடத்தில் வெட்டவில்லை. அதைத் தாண்டி ஓர் அங்குலத்துக்கு மேல் நல்ல தகட்டில் வெட்டினார்கள். தொழிற்சாலை வெல்டிங் புள்ளிகளைத் துளைக் கருவியால் மேல்தகட்டில் மட்டும் துளைத்து, கறள் தின்ற தகட்டைக் கழற்றினார்கள். இதற்குப் பொறுமை வேண்டும். உளியால் அடித்துப் பிரித்தால் கீழ்த்தகடு நெளிந்துவிடும். பின்னர் அந்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காய வைத்தார்கள். இரும்பின் குழிகளில் உப்பு மிஞ்சினால் மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் குமிழ் வரும். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதனால் கழுவக் கூடாது.

தகடு நல்லதாக இருந்து மேற்பரப்பில் மட்டும் சிறு குழிகள் விழுந்த இடங்களுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி பூசினார்கள். இதனைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் உண்டு. அது மிச்சமிருக்கும் மெல்லிய கறளை மாற்றும், இல்லாத இரும்பை உண்டாக்காது. ஓட்டையின் மேல் பூசிவிட்டு நோய் சுகமாகிவிட்டது என்று இருக்க முடியாது.

புதுத்தகடு பழைய தகட்டின் கனத்திலேயே இருக்க வேண்டும். பாஸ் 22 கேஜ் தகட்டில் பீலியின் வளைவை மடித்து எடுத்தார். கூரைக்குப் போடும் நாகத்தகட்டின் மிச்சத் துண்டை வைத்து வெல்டிங் செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நாகம் எரியும் புகை காய்ச்சலைக் கொண்டு வரும், வெல்டிங்கும் சரியாக ஓடாது. இரண்டு தகடுகளும் ஒன்றின் மேல் ஒன்று வரும் முகங்களில், வெல்டிங்குக்கென்றே விற்கப்படும் நாகப் பிரைமரை முன்கூட்டியே மெல்லிதாக அடித்தார்கள், காரணம் ஒட்டிய பிறகு அந்த இடத்துக்குப் பிரஷ் போகாது. அந்தப் பிரைமரிலும் நாகம் உண்டு என்பதால் முகக்கவசத்தோடும் நல்ல காற்றோட்டத்தோடும்தான் வெல்டிங் நடந்தது. இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் புதிய மூட்டும் பழைய மூட்டைப் போலவே உள்ளிருந்து தொடங்கும்.

கேஸ் வெல்டிங் வேண்டாம் என்று பாஸ் சொன்னார். மெல்லிய தகடு அந்தச் சூட்டில் அலை அலையாக நெளியும், சுற்றியுள்ள நல்ல பிரைமரும் எரியும். சி.ஓ.டூ. வெல்டிங்கில், மெல்லிய கம்பியால், அரை அங்குலம் இங்கே, பிறகு ஓர் அடி தள்ளி அரை அங்குலம் அங்கே என்று சூடு ஓரிடத்தில் சேராமல் ஒட்டினார். கழற்றிய புள்ளிகளின் இடங்களில் புதுத்தகட்டில் துளையிட்டு, துளையை வெல்டிங்கால் நிரப்பினார். தொடங்குவதற்கு முன் பெட்டரியைக் கழற்றி, கூரை லைனிங்கையும் ஆசனங்களையும் வெளியே எடுத்து, ஈரச் சாக்கு விரித்து, உள்ளே ஒரு பையனைத் தண்ணீர் வாளியோடு உட்கார வைத்தார். லைனிங் தீப்பிடித்தால் அணைப்பதற்குள் வேன் போய்விடும். அடிப்பக்க வேலை என்றால் டீசல் தாங்கியையும் குழாய்களையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெல்டிங்கைத் தேய்த்துச் சமப்படுத்திய அன்றே எபொக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்தார்கள். சாதாரண சாம்பல் நிறப் பிரைமர் ஈரத்தைத் தடுக்காது, அது பெயின்டுக்கான படுக்கை மட்டுமே. பணம் முடிந்துவிட்டது என்று சாம்பல் பிரைமரோடு மாதக்கணக்கில் மழையில் ஓடும் வேன்களைப் பார்க்கும்போது எனக்கு இப்போது வயிறு எரிகிறது. எபொக்சி காய்ந்த பின் அதன் மேல் பொலியூரிதேன் சீலரை மூட்டு நெடுகப் பூசிப் பிரஷால் இழுத்துவிட்டார்கள். சீலர் வெறும் இரும்பின் மேல் அல்ல, பிரைமரின் மேல்தான் வர வேண்டும். மேடுபள்ளத்துக்குப் புட்டி வைக்கத்தான் வேண்டும். அதுவும் எபொக்சியின் மேல், ஓரிரு மில்லிமீற்றர் மட்டும், காய்ந்த பேப்பரால் தேய்த்து. அதற்குப் பிறகுதான் நிறம். கடினமாக்கி கலந்து அடிக்கும் பெயின்டின் புகை நுரையீரலுக்குக் கெடுதியானது, வீட்டு முற்றத்தில் பிள்ளைகளை வைத்துக் கொண்டு அடிக்கும் வேலையல்ல.

கடைசி வேலை, யாரும் பார்க்காத வேலை. லைனிங்கைத் திரும்பப் பூட்டுவதற்கு முன் மூட்டின் உட்பக்கத்துக்கு நீண்ட குழாயால் மெழுகு கலந்த திரவத்தை விசிறினார்கள். அது மயிரிழை இடைவெளிகளுக்குள் ஊறிச் சென்று காய்ந்து ஈரத்தைத் தடுக்கும். வெல்டிங், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, வெல்டிங் பட்டால் தீப்பிடிக்கும். நம்மவர்கள் பலர் இதற்குப் பதிலாகக் கழிவு எஞ்சின் ஒயிலை அடியில் விசிறுகிறார்கள். அது இறப்பர் புஷ்களை ஊதச் செய்யும், பிரேக்கில் பட்டால் பெரிய ஆபத்து, வழி நெடுக நிலத்திலும் சொட்டும். கதவுகளின் அடியிலும் படியின் அடியிலும் தண்ணீர் வெளியேறச் சிறிய துளைகள் விடப்பட்டிருக்கும். அவற்றைச் சீலரால் அடைத்துவிடாமல் கம்பியால் குத்தித் திறந்து வைக்க வேண்டும். பாஸ் என் வேனில் அடைபட்டிருந்த நான்கு துளைகளைத் திறந்தார். ஒரு கதவிலிருந்து கால் வாளிக்குக் குறையாத தண்ணீர் வந்தது.

கணக்கு

மொத்தச் செலவு, அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுத்த வேனின் கூலியையும் சேர்த்து, ஏறக்குறைய 130 சாரன்களின் மொத்த விலை. இதில் தகடு, பிரைமர், சீலர், மெழுகு என்று பொருட்களுக்குப் போனது கால் பங்குதான், மீதி கூலியும் நின்ற நாட்களும். ஆகவே பொருளில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. எபொக்சிக்குப் பதில் சாதாரண பிரைமர் வாங்கி மிச்சப்படுத்துவது சில சாரன்களைத்தான்.

மறுபக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். சிலிக்கனுக்கு 2, புட்டிக்கும் பெயின்டுக்கும் 55, கறை பட்டுத் திரும்பியவை 46. கூட்டினால் 103. பதுளையின் மூன்று கடைகளில் ஒன்று அதற்குப் பிறகு எனக்கு ஓர்டர் தரவில்லை, அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. 2019இல் அந்தப் பயறளவு குமிழைத் திறந்திருந்தால் வெட்ட வேண்டியிருந்தது ஒரு சாண் தகடாக இருந்திருக்கும்.

வேன் கராஜில் நின்ற நாட்களில் மச்சான் ஒரு யோசனை சொன்னார். "வெட்டி என்ன செய்ய? மூடிப் பெயின்ட் அடிச்சு வித்துப் போட்டு வேற ஒண்டப் பாருங்க. வாங்குறவன் பாத்து வாங்கட்டும்." கணக்கின்படி அவர் சொன்னது பிழையில்லை, அந்த நேரம் டொல்பினுக்கு நல்ல விலை இருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்த வேனை எனக்கு விற்றவரை நான் பல வருடங்களாகத் திட்டிக் கொண்டிருந்தேன். ஆனால் அதே 2014இல், இதை வாங்குவதற்காக நான் விற்ற லைட்ஏஸ் வேனின் பின்கதவு அடி விளிம்பில் புட்டி இருந்தது. விற்பதற்கு ஒரு கிழமைக்கு முன் நான்தான் வைக்கச் சொன்னேன். வாங்கியவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குறையைச் சொல்லி விற்பது வியாபாரத்தில் கடமை என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான்.

மச்சானிடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். லைட்ஏஸை வாங்கியவரைத் தேடிப் பார்த்தேன். அவர் அதை 2017இலேயே வேறொருவருக்கு விற்றுவிட்டார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அப்படித்தான் வித்தேன்" என்றார்.

எனது வேன் இப்போதும் பதுளைக்குப் போய் வருகிறது. ஒவ்வொரு ஒக்டோபரிலும், மாரி தொடங்குவதற்கு முன், உள்ளே மகனை டோர்ச்சோடு உட்கார வைத்து, வெளியே பீலி நெடுக ஹோஸால் கால் மணித்தியாலம் தண்ணீர் அடிக்கிறேன். வெட்டி ஒட்டிய இடத்தில் இதுவரை ஈரமில்லை. கடைசியாகப் பார்த்தபோது வலது பக்கப் பின்சில்லு வளைவில், பயறை விடச் சிறிதாக ஒரு குமிழ் தெரிந்தது. அதன் மேல் எதுவும் பூசவில்லை. சுற்றி ஒரு பென்சில் கோடு போட்டு, திகதியை எழுதி வைத்திருக்கிறேன். கச்சான் தொடங்கியதும் திறக்க வேண்டும் என்று பாஸிடம் நாளும் குறித்தாகிவிட்டது.